மஹா ஓயாவில் நின்ற பயணமும் ஆகஸ்ட் மாதப் பட்டியலும்

கேள்வி:

ஐயா, நான் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்த ஆசிரியை. 2023 டிசம்பர் விடுமுறைக்கு நுவரெலியா போவதென்று மூன்று மாதம் முன்பிருந்தே ஏற்பாடு செய்தேன். வான் பேசியது, அறை பிடித்தது, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வாங்கியது, மாமியின் மருந்தை எடுத்து வைத்தது எல்லாம் நான்தான். விடியப்புறம் புறப்பட்டுச் செங்கலடி வழியாகப் பதியத்தலாவை வரை போனோம். பிபிலைக்கு அப்பால் மண் சரிந்து வீதி மூடிவிட்டதென்று பொலிஸார் மறித்துத் திருப்பினார்கள். வழியில் கடந்து வந்த மஹா ஓயாவுக்கே திரும்பி வந்து, கிடைத்த அறையில் இரண்டு இரவு தங்கினோம். பிள்ளைகளும் அவரும் அங்குள்ள இயற்கை வெந்நீர்க் கிணற்றடியை விட்டு அசையவில்லை. நான் அறைக்குள் இருந்து அழுதேன். "இதுவும் ஒரு அனுபவம்தானே" என்றார் அவர். அதைக் கேட்டு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. மாமியோ பொலிஸ் மறித்த நேரத்திலிருந்து "வீட்ட போவம், வீட்ட போவம்" என்று நடுங்கிக்கொண்டே இருந்தா. ஊருக்கு வந்த பிறகு பிள்ளைகள் எல்லாரிடமும் வெந்நீர்க் கிணற்றைப் பற்றித்தான் கதைத்தார்கள். நான் மட்டும் முட்டாளாகிப் போனதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் எங்கும் போகவில்லை.

வருகிற ஆகஸ்டில் கனடாவிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. 14 நாளில் 11 இடம் பார்ப்பதற்கு எக்செலில் அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறா. இடையில் அப்பாவின் ஆண்டுத் திவசமும் வருகிறது. ஒழுங்கு செய்யும் பொறுப்பு மறுபடி என்னிடம். இந்த முறையும் குழம்பினால் என்னால் தாங்க ஏலாது. திட்டமே போடாமல் விடுவதா, நடப்பது நடக்கட்டும் என்று சிரிக்கப் பழகுவதா? என் குணம்தான் பிழையா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் குணத்தில் பிழை இல்லை. மஹா ஓயாவில் மற்றவர்கள் இரண்டு நாளும் சிரித்துக்கொண்டிருக்க முடிந்ததே, மருந்தும் மாற்றுடுப்பும் வானில் இருந்தபடியால்தான். அவற்றை வைத்தது நீங்கள். வெறுங்கையோடு வந்து ஏறியவர்களுக்கு லேசாக எடுத்துக்கொள்வது சுலபம்.

பயணம் ஒழுங்கு செய்து கொடுப்பது என் தொழில். வழி மறிபட்டால் வானுக்குள் என்ன நடக்கும் என்று எனக்கு மனப்பாடம். ஒருவர் ஜன்னலால் எட்டிப் பார்த்துப் படம் எடுப்பார். இன்னொருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அறைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, முற்பணம் போகுமா என்று விசாரித்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். அநேகமாக அது ஒரு பெண்ணாக இருக்கும். முதலாமவரைத் திறந்த மனசுக்காரர் என்றும் இரண்டாமவரைச் சிடுமூஞ்சி என்றும் வீட்டில் பெயர் வைத்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போனை ஆள்மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், குணமும் சேர்ந்து மாறும்.

ஆகவே இந்தப் பதிலை உங்கள் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். "இதுவும் ஒரு அனுபவம்" என்பது பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்ல நேரம் இருக்கிறது. மூன்று மாதம் பாடுபட்ட ஆளுக்கு அந்த இடத்தில் கேட்க வேண்டியது, "இவ்வளவு கஷ்டப்பட்டாய், எல்லாம் போச்சே" என்ற ஒரு வார்த்தை. அதன் பிறகு, "நீ கொஞ்சம் இரு, அறைக்காரரோடு நான் கதைக்கிறேன்." இரண்டும் நடந்திருந்தால் மத்தியானத்துக்குள் நீங்களும் கிணற்றடிக்கு வந்திருப்பீர்கள் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் படுகிறது, சொன்னால் கோபிக்க வேண்டாம். நுவரெலியா பார்க்காத கவலை ஒன்று. கண்ணுக்கு முன்னால் பிள்ளைகள் குதூகலித்த இரண்டு நாளைப் பார்க்காமல் விட்ட கவலை வேறொன்று. உங்கள் கடிதத்தில் நுவரெலியாவைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது, வெந்நீர்க் கிணறு இரண்டு தரம் வருகிறது. எனக்கென்னவோ ஆறாமல் கிடப்பது இரண்டாவது கவலைதான் என்று தோன்றுகிறது. அதற்கு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. செங்கலடியிலிருந்து மஹா ஓயாவுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஒரு சனிக்கிழமை எல்லாருமாகப் போங்கள். ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு அளவு சூடு, எது எவ்வளவு சுடும் என்று பிள்ளைகள் உங்களுக்குச் சொல்லித் தரட்டும். ஆகஸ்டுக்கு முன் அது ஒரு நல்ல ஒத்திகையாகவும் இருக்கும்.

இனி மாமி. கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன இந்த விஷயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நீங்கள் போன அந்தச் செங்கலடி வீதி யுத்த காலத்தில் எப்படிக் கிடந்தது என்பது மாமிக்கு மறக்குமா? கறுத்தப்பாலத்துச் சோதனைச் சாவடியில் பையை அவிழ்த்துக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, போனவர் திரும்பி வருவாரா என்று தெரியாமல் காத்து நின்ற தலைமுறை அது. நமக்கு அன்று நடந்தது மண்சரிவு. அவவுக்கு அது சீருடைக்காரர் கைகாட்டி வாகனத்தை மறித்த சம்பவம். "எதிர்பாராததை வரவேற்போம்" என்று சுற்றுலா விளம்பரங்கள் பாடுவதெல்லாம், எதிர்பாராதது என்றால் ஒரு அழகான கடற்கரை என்று நினைக்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை. 1978 நவம்பர் சூறாவளியையும், யுத்தத்தையும், 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடலையும் பார்த்த ஒருவரிடம் போய் அப்படிப் பாட முடியாது. அவவின் நடுக்கத்தை வயசுபோனவர்களின் பிடிவாதம் என்று எடுத்துவிடாதீர்கள்.

செய்யக்கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். வாகனத்தை யாராவது மறித்தால், காரணம் தெரிந்த உடனே முதலில் மாமியிடம் வந்து சொல்ல ஒருவரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள். உங்கள் மூத்த பிள்ளையே போதும், பேரப்பிள்ளை சொன்னால் பாட்டிமார் நம்புவார்கள். புறப்படும்போதே, "வழியில் தடங்கல் வந்தால் இந்த ஊரில் இன்னார் வீட்டில் தங்குவோம்" என்று ஒரு பெயரையும் சொல்லி வையுங்கள். எங்கே போகிறோம் என்பதைவிட, போக முடியாவிட்டால் எங்கே படுப்போம் என்பதுதான் அவவுக்குத் தெரிய வேண்டியது. வீட்டிலும் இப்படி நடுங்குகிறா, இரவில் நித்திரை இல்லை என்றால் அது பயணத்தோடு தீரும் காரியமில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, தயங்காமல் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, திட்டத்துக்கு வருவோம்.

திட்டமே போடாமல் விடுவதா என்று கேட்டீர்கள். நம் பக்கத்துக் கதிர்காமப் பாதயாத்திரைக்காரரைப் பாருங்கள். சித்தாண்டி, மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், பொத்துவில் என்று கரையோடு நடந்து, பாணமை தாண்டி உகந்தைமலைக்குப் போவார்கள். அங்கிருந்து குமண காட்டுக்குள் இறங்கி, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று போகும் வழி. காட்டுப்பாதை திறக்கும் திகதி சில வருடங்களில் மாறும். போன வருடம் தண்ணீர் இருந்த மடு இந்த வருடம் வற்றியிருக்கும். யானை வழியில் நின்றால் அது போகும்வரை எல்லாரும் நிற்க வேண்டும். எதற்கும் முணுமுணுக்காமல், ஒருவரை ஒருவர் "சாமி" என்று அழைத்துக்கொண்டு நடக்கிறார்கள். பார்க்கிறவர்கள் இதைப் பக்தி என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். பக்திதான். ஆனால் அந்த மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். அரிசிமா, சீனி, தேயிலை, கால் வெடிப்புக்கு எண்ணெய், காய்ச்சல் குளிசை, தண்ணீர்க் கான். தனியாகக் காட்டுக்குள் போகக்கூடாது, பழக்கமான ஒருவர் முன்னால் நடக்க வேண்டும், பொழுது படுமுன் தங்க வேண்டும். இவ்வளவும் கச்சிதமாக ஒழுங்கு செய்துவிட்டு, எத்தனையாம் நாள் எங்கே என்பதை மட்டும் முருகனிடம் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் நேர்மாறாகச் செய்கிறீர்கள். எத்தனை மணிக்கு எங்கே என்பதைக் கட்டிவைத்துவிட்டு, தடங்கல் வந்தால் என்ன என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டீர்கள். அக்காவும் அதைத்தான் எக்செலில் செய்திருக்கிறா.

வாவியில் தோணி கட்டுகிறவர்கள் கயிற்றில் கொஞ்சம் நீளம் விட்டுத்தான் கம்பில் கட்டுவார்கள். நீளம் விடாமல் இறுக்கிக் கட்டினால் தண்ணீர் ஏறும்போது தோணி கவிழும். உங்கள் ஆகஸ்ட் பயணத்துக்கும் கட்டுக்கம்பு இரண்டு போதும். ஒன்று அப்பாவின் திவசம். அதற்கு முதல் நாள் முழுவதும் எல்லாரும் களுவாஞ்சிகுடி வீட்டில் இருக்க வேண்டும். முதல் நாள் இரவு வந்து சேர்வோம் என்ற பேச்சே கூடாது. மற்றது அக்கா திரும்பும் விமானம். அதற்கு முந்திய இரவு நீர்கொழும்பிலோ கட்டுநாயக்கா பக்கத்திலோ படுத்திருக்க வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ரயிலில் எட்டு ஒன்பது மணி நேரம். மின்னேரியா, கல்ஓயாப் பக்கம் யானை தண்டவாளத்தில் நின்றால் அதுவும் தாமதிக்கும். 2025 பெப்ரவரியில் மீனகயா ரயில் யானைக் கூட்டத்தில் மோதியது நினைவிருக்கும். விமானம் நமக்காகக் காத்திருக்காது.

இந்த இரண்டையும் தவிர மற்றவை எல்லாம் நகரலாம், விடுபடலாம். இதை அக்காவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால் சண்டை வரும்.

11 இடத்தில் எதை விடுவது என்று நீங்கள் தனியாகத் தீர்மானிக்காதீர்கள். வானில் வரும் ஒவ்வொருவரிடமும், அக்காவின் பிள்ளைகள் உட்பட, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எதைப் பார்க்காமல் போனால் உனக்குக் கவலையாக இருக்கும்? வருகிற பதில்கள் உங்களைத் திகைக்க வைக்கும். பெரிய இடங்கள் பல யாருடைய வாயிலும் வராது. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை அம்மாவின் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும், அதற்கு வானே தேவையில்லை. அப்புறம் இன்னொரு நன்மையும் உண்டு. எல்லாரும் சேர்ந்து போட்ட திட்டம் உடைந்தால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நோகும். ஒருவர் போட்ட திட்டம் உடைந்தால் அந்த ஒருவர்தான் நொறுங்குவார். மஹா ஓயாவில் நீங்கள் நொறுங்கியதற்கு அதுதான் காரணம்.

ஆகஸ்ட் மாதத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பட்டியலைப் பார்த்து வெட்ட உதவும். நம் பக்கம் அப்போது கச்சான் என்னும் வறண்ட காற்று, மழை குறைவு. பாசிக்குடாவிலும் நிலாவெளியிலும் கடல் அமைதியாக இருக்கும். அறுகம்பையில் அலைச் சறுக்கல்காரர் கூட்டம் நிறைந்திருக்கும், அறை விலையும் ஏறியிருக்கும். அதே மாதம் நுவரெலியாவில் தூறிக்கொண்டேயிருக்கலாம். கண்டியில் எசல பெரஹெர ஊர்வலம் வரும் நாட்களில் மாலையானால் நகர வீதிகளை மூடிவிடுவார்கள். பெரஹெர பார்க்கும் எண்ணமில்லை என்றால் அந்த நாட்களில் கண்டிப் பக்கம் தலைவைக்காமல் இருப்பது நல்லது. நல்லூரில் 25 நாள் திருவிழா அந்தக் காலத்தில்தான் வரும். நல்லூர் வடக்கே, கதிர்காமம் தெற்கே. 14 நாளில் திவசமும் விமானமும் போக மிஞ்சுவதில் இரண்டையும் செய்தால் பிள்ளைகள் பார்ப்பது வானின் சீற் முதுகை மட்டும்தான். ஒன்றை விடச் சொல்லுங்கள். கதிர்காமத்தை விட அக்காவுக்கு மனம் வராவிட்டால், வாவிக்கு அந்தப் பக்கம் மண்டூர் இருக்கிறது. சின்னக் கதிர்காமம் என்று நாம் சொல்வது சும்மா இல்லை, வாய்கட்டிப் பூசை செய்யும் முறை அங்கும் அப்படியே. குருமண்வெளித் துறையில் பாதை, அதாவது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை, ஓடுகிறதா என்று காலையில் விசாரித்துவிட்டு, ஓடினால் அதில் ஏறிப் போங்கள். வாவியின் நடுவில் மோட்டார் சைக்கிளோடும் மரக்கறி மூட்டையோடும் நிற்கும் படுவான்கரைச் சனத்தோடு, அதாவது வாவியின் மேற்குக் கரைச் சனத்தோடு, சேர்ந்து போவது அந்தப் பிள்ளைகளுக்குச் சீகிரியாவைவிட நினைவில் நிற்கலாம். நிற்காமலும் போகலாம். பிள்ளைகளின் மனதை யார் கண்டது?

மின்னேரியா யானைகள் பட்டியலில் இருந்தால் ஒரு சின்ன யோசனை. ஜூலை முதல் செப்டம்பர் வரை குளத்துத் தண்ணீர் வற்ற, தரையில் முளைக்கும் புல்லுக்காக யானைகள் கூட்டமாக வரும். ஆனால் குளத்தில் தண்ணீரை உயர்த்தி வைத்திருக்கும் வருடங்களில் புல் மூழ்கிப்போகும், யானைகள் கவுடுல்லைக்கோ ஹுருலுக் காட்டுக்கோ நகர்ந்துவிடும். மாதக்கணக்கில் முன்பே மின்னேரியா என்று பணம் கட்டியவர் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவார். ஹபரணைக்குப் போய் முதல் நாள் மாலை ஜீப்காரர் இரண்டு பேரிடம் கேட்டவர் யானையைப் பார்ப்பார். அட்டவணையில் "மின்னேரியா" என்று எழுதாமல் "ஹபரணை, ஒரு இரவு" என்று எழுதினால் போதும். மலையகத்துக்கும் இதே புத்திதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அந்தப் பக்கத்து வீதிகளையும் ரயில் பாதையையும் எப்படி உடைத்துப் போட்டது என்று பார்த்தோம். எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதைப் புறப்படும் வாரத்தில் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நான் பிடித்தால் விடாத ஆள் இல்லை, ஆனால் இதில் விடமாட்டேன். மனதைத் திறந்து வைப்பது வேறு, வெள்ளத்துக்குள் காலை வைப்பது வேறு. 2024 நவம்பர் இறுதியில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்கப் போன உழவு இயந்திரத்தோடு மத்ரஸாப் பிள்ளைகள் அடித்துச் செல்லப்பட்டதை அம்பாறை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பொலிஸார் மறித்தால் திரும்புங்கள். "மற்ற வான் போகுதே, நாமும் போவம்" என்று யாராவது தொடங்கினால் வாயை அடையுங்கள். மலைப்பக்கம் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சளில் இருந்தால் கேட்டுக் கேட்டுப் போகலாம். செம்மஞ்சளுக்கு மாறினால் அந்தப் பக்கத்தை விடுங்கள். சிவப்பு என்றால் அங்கே குடியிருப்பவர்களையே வெளியேறச் சொல்கிற நிலை. இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை வானில் வரும் பெரியவர்கள் எல்லாரும் போனில் பதிந்து வைக்க வேண்டும். அந்த டிசம்பரில் நீங்கள் திரும்பி வந்தது சரியான முடிவு. அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இதன் தொடர்ச்சிதான் இரவுப் பயணமும். பகலில் இரண்டு மணி நேரம் பிந்திவிட்டது என்பதற்காக இரவில் ஓடிச் சமாளிப்பது எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். வெலிக்கந்தைப் பக்கமும் ஹபரணைப் பக்கமும் அம்பாறை மஹியங்கனை வீதியிலும் இருட்டினால் யானை வீதிக்கு வரும். டிரைவரோ விடியப்புறம் எழும்பியவர். பிந்தினால் ஒரு இடத்தை வெட்டுங்கள், நாளை நீட்டாதீர்கள். எந்த இடத்தை வெட்டுவது என்று வானுக்குள் வாக்கெடுப்பு நடத்தினால் பொழுது பட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஆளை வைத்துவிடுங்கள். இன்று உங்கள் கணவர், நாளை அக்கா, நாளை மறுநாள் அத்தான், ஒரு நாள் மூத்த பிள்ளை. அன்றைய ஆள் சொன்னதுதான் முடிவு, மற்றவர்கள் முகம் சுளிக்கக்கூடாது. உங்கள் முறையும் வரும், ஆனால் 14 நாளும் வராது.

அட்டவணையில் மூன்று நாளுக்கு ஒரு நாள் வெறுமையாக விடச் சொன்னால் அக்கா சம்மதிப்பாவோ தெரியாது. இவ்வளவு செலவழித்து வருகிறோம், சும்மா இருக்கவா என்று கேட்பா. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் அவசரம் எனக்கு விளங்குகிறது. அடுத்த முறை எப்போது வருவார்களோ, அப்போது வயசானவர்களில் யார் இருப்பார்களோ. பகிரங்கமாகச் சொல்லாவிட்டாலும் அந்தப் பயம்தான் 11 இடமாகப் பட்டியலில் வந்து நிற்கிறது. ஆகவே "வெறுமை நாள்" என்று எழுதாதீர்கள். "பெரியம்மா வீடு" என்பதுபோல ஒரு உறவினர் வீட்டுப் பெயரை எழுதுங்கள். தடங்கல் வந்தால் அந்த நாள் தடங்கலை விழுங்கும். வராவிட்டால் பெரியம்மா வீட்டில் கட்டித்தயிரும் நண்டுக் கறியும் சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் முகத்துவாரத்து வெளிச்சவீட்டடிக்குப் போய் வரலாம்.

காசு விஷயம் கொஞ்சம். எல்லா அறைக்கும் முழுப் பணத்தை முன்கூட்டிக் கட்டாதீர்கள். திவசத்துக்கு வரும் உறவினருக்கான அறையையும் விமானத்துக்கு முந்திய இரவையும் கட்டி உறுதி செய்யுங்கள். மற்றவற்றில், பணம் பிடிக்காமல் ரத்துச் செய்ய எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு, அதை எழுத்தில், வட்ஸ்அப் செய்தியாகவாவது, வாங்கிக்கொள்ளுங்கள். வழி மறிபட்ட நாளில் அறைக்காரரிடம் "காசைத் திருப்பித் தாருங்கோ" என்று தொடங்கினால் அவர் கதவைச் சாத்துவார். "திகதியை மாற்றித் தாருங்கோ, இல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர் வேறு யாராவது வருவார்கள், அவர்களுக்குக் கொடுங்கோ" என்று கேட்டுப் பாருங்கள், சின்ன விடுதிக்காரர் பலர் இணங்குவார்கள். அவர்களுக்கும் அன்று வரவு போய்விட்டதுதானே.

வான் பேசும்போது பாதை மாறினால் கிலோமீட்டர்க் கணக்கு எப்படி, ஒரு இரவு கூடினால் எவ்வளவு, டிரைவருக்குப் படுக்கையும் சாப்பாடும் யார் பொறுப்பு என்ற மூன்றையும் முதலே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நடுவழியில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த மூன்றில்தான். நல்ல டிரைவர்மார் ஆகஸ்டுக்கு ஜூனிலேயே பேசி முடிந்துவிடுவார்கள், ஆகவே அக்காவின் பதிலுக்காகக் காத்திராமல் வானை மட்டும் இப்போதே பிடித்துவிடுங்கள்.